மூடிக்காரரின் புதன்கிழமைகள்

அலுவலகத்தில் அவரை எல்லாரும் மூடிக்காரர் என்றுதான் சொன்னார்கள். அட்டைப்பெட்டிக்கு ஒருவர், பிளாஸ்டிக் பைக்கு ஒருவர், கண்ணாடிக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு பிரிவு இருந்த அந்த மூன்றாம் மாடியில், பாட்டில் மூடிகளைப் பார்ப்பது பதினோரு வருடமாக அவர் வேலை.

பொருளைச் செய்து விற்கிறவர்கள், அதை அடைத்து விற்கிற பெட்டிக்கும் பாட்டிலுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது சட்டம். உருக்கி மறுபடியும் பயன்படுத்தக் கூடியதாக இருந்தால் பச்சை வரிசை, கட்டணம் சொற்பம். இரண்டு மூன்று பொருள்களைப் பிரிக்க முடியாதபடி ஒட்டவைத்துச் செய்திருந்தால் சிவப்பு வரிசை, மூன்று மடங்கு. கைக்காசு போகிறது என்றால் யாருக்கும் மூளை சுறுசுறுப்பாகிவிடும். எதற்கும் உதவாத டப்பாக்கள் கடைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அதில் தனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று மூடிக்காரருக்கு உள்ளூரப் பெருமை. வெளியே சொல்லமாட்டார். அவர் வாய்க்கும் சேர்த்துத்தான் மூடி போட்டிருக்கிறார்கள் என்று அடுத்த மேசைக்காரர் கேலி செய்வார்.

வீட்டில் சொல்லலாம் என்றால் அங்கே ஆள் இல்லை. மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போன மனைவி, போய் நாலு வருடம் ஆகிறது. குழந்தை நடக்கட்டும் என்றார். அப்புறம் மகள் வேலைக்குத் திரும்பட்டும் என்றார். அதற்குள் இரண்டாவது குழந்தை. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இதற்கு என்ன பேசுவது? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மனைவி ஃபோன் செய்வார். சாப்பிட்டாரா, பிரஷர் மாத்திரை போட்டாரா, குழாய் சரியானதா என்று கேட்பார். பேரன் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவான். பத்து இருபதுக்கு ஃபோனை வைத்தால், திங்கட்கிழமை காலை அலுவலகக் காவலாளி வணக்கம் சொல்லும்வரை அவரைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு மழைக்காலத்தில் தைலக்காரம்மா அவரைப் பார்க்க வந்தார். ஐம்பது வயது இருக்கும். எட்டுப் பேர் வேலை செய்கிற சின்னத் தொழிற்கூடத்தில் மூட்டுவலித் தைலம் தயாரிப்பவர். அவருடைய பாட்டிலின் மூடியைச் சுற்றி மெத்தென்று ஒரு ரப்பர் பட்டை, மூடியோடு சேர்த்தே வார்த்தது. மூடிக்காரர் அதைச் சிவப்பு வரிசையில் போட்டிருந்தார். அதைக் கேட்கத்தான் அந்த அம்மாள் வந்திருந்தார்.

மூடிக்காரர் பொறுமையாக விளக்கினார். மூடிகளை உருக்கும் ஆலைக்கு அவர் போயிருக்கிறார். இந்த மாதிரி ரப்பர் கொஞ்சம் கலந்துவிட்டால் உருகிய பிளாஸ்டிக் முழுவதும் கறுப்புப் புள்ளி விழுந்து, ஒரு தொட்டியே வீணாகும். ரப்பரை எடுத்துவிட்டால் அன்றைக்கே பச்சை வரிசைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்.

"ரப்பரை அழகுக்கு வைக்கல சார்," என்றார் தைலக்காரம்மா. "வாங்குறவங்க எல்லாருக்கும் கைதான் பிரச்சினை. வெறும் மூடியைத் திருக வராது."

"வீட்டுல யாராவது திறந்து குடுக்கமாட்டாங்களா?"

அந்த அம்மாள் தன் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டே மாதத்தில் புதிய மூடியின் மாதிரி வந்து சேர்ந்தது. வழவழவென்று, ஒரே பிளாஸ்டிக். மூடிக்காரர் பச்சை முத்திரை வைத்தார்.

அடுத்த குளிர்காலத்தில் அவருடைய வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியது. முதலில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு சாவி திருப்புவது பெரும்பாடானது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம், வயது ஆகிறது அல்லவா என்று சாதாரணமாகச் சொல்லி, காலையிலும் மாலையிலும் தடவச் சொல்லித் தைலம் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் எடுத்து வைத்ததைப் பார்த்ததும் மூடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவர் முத்திரை வைத்த அதே மூடி.

அன்று மாலை சிரிப்பு போய்விட்டது. வெறும் கையால் முயன்றார். ஈரத்துணி சுற்றி முயன்றார். வெந்நீரில் மூடியைக் காட்டினார். கதவிடுக்கில் பாட்டிலின் கழுத்தைக் கொடுத்துத் திருப்பியதில் கதவின் பெயின்ட்தான் உரிந்தது. கத்தி முனையைக் கொடுத்தபோது அது வழுக்கி இடது கையைக் கீறியது. பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் மூடிகளைப் பார்த்தவர், ஒற்றை மூடியின் முன்னால் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

எதிர் வீட்டில் இளம் தம்பதி இருந்தார்கள். குடிவந்து ஆறு வருடம். கேட்டால் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்கள்? பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். மணியின் மேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டார். இந்த வயதில் ஒரு பாட்டிலைத் திறந்துகொடு என்று போய் நிற்பதா என்று ஒரு வெட்கம். வெட்கம்கூட இல்லை. கேட்டால், ஏன், வீட்டில் யாரும் இல்லையா என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அங்கேதான் அவருக்குத் தான் தைலக்காரம்மாவிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. பாட்டிலோடு திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பாட்டிலை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த மேசைக்காரர் பேச்சை நிறுத்தாமலே ஒரு திருகில் திறந்து, மோந்து பார்த்து முகத்தைச் சுளித்து, வழக்கமான அக்கறையோடு இறுக்கி மூடித் திருப்பிக் கொடுத்தார். மறுபடி திறக்கச் சொல்லவேண்டியதாயிற்று. இந்தமுறை லேசாக மூடித் தரச் சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்தில் அது பைக்குள் கவிழ்ந்து, கோப்பு, கைதுடைக்கும் துண்டு, மழைக்கோட்டு எல்லாம் தைலமாகின. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி, கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தைலம் தடவுகிறேன், தேவலாம் என்று சொன்னார் மூடிக்காரர். வீடெல்லாம் தைல வாடைதான் என்றும் சொன்னார். அது பொய் இல்லை.

மறுவாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு தைலக்காரம்மாவின் தொழிற்கூடத்துக்குப் போனார். ஒரே நீளமான அறை. ஒரு கோடியில் தைலம் காய்ச்சும் பாத்திரங்கள், மறுகோடியில் பாட்டில்கள். எட்டுப் பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஏன் வந்தோம் என்பதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அவர் தன் கட்டைவிரலைக் காட்டினார். அந்த அம்மாள் கையைப் பிடித்து, மூட்டை அமுக்கிப் பார்த்தார். கடைசியாகத் தன் கையை ஒருவர் எப்போது பிடித்தார் என்று மூடிக்காரருக்கு ஞாபகமில்லை.

விற்பனை விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

"பாதிக்குப் பாதி விழுந்துடுச்சு. யார் யார் நிறுத்தினாங்கன்னு கடைக்காரங்களைக் கேட்டுப் பார்த்தேன் சார். குடும்பத்தோட இருக்கிறவங்க இன்னும் வாங்குறாங்க. தனியா இருக்கிறவங்கதான் நிறுத்திட்டாங்க."

"என் மேல கோபமா?"

"உங்க மேல என்ன கோபம்? நீங்க சொன்னது தப்பில்லையே. ரப்பர் தொட்டியைக் கெடுக்கும்னா கெடுக்கத்தானே செய்யும். ஆனா மனுஷன் கையையும் யாராவது பார்க்கணும் இல்லையா?"

திரும்பி வந்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் கேட்காமலே ஒரு அறிக்கை எழுதினார். ரப்பருக்கு விலக்கு கேட்கவில்லை. கேட்டால் ஊரில் உள்ள ரப்பரெல்லாம் முதியவர்களுக்காகத்தான் என்று வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். உருக்க முடிவது மட்டும் போதாது, பலம் குறைந்த கையாலும் திறக்க முடிந்தால்தான் பச்சை முத்திரை என்று விதியைச் சேர்க்கச் சொன்னார். அதைச் சோதிக்க ஆட்கள் வேண்டும் என்றும் எழுதினார். மேலதிகாரி அறிக்கையை மூன்று வாரம் மேசையில் வைத்திருந்தார். பிறகு, தெளிவான முடிவு கிடைக்கும்வரை வாரம் ஒருநாள் சோதிக்கலாம், எட்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை நாள் வாயே திறக்காதவர் திறந்துவிட்டார் என்று மாடி முழுக்கப் பேச்சு.

மருந்துக்கடைகளில் அறிவிப்பு ஒட்டினார். மூட்டுவலி உள்ளவர்கள், தனியாக வசிப்பவர்கள், புதன்கிழமை காலை பத்து மணி. பேருந்துச் செலவும் தேநீரும் உண்டு. யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தார். முதல் புதன்கிழமை ஒன்பதரை மணிக்கே ஆறு பேர் கீழே காத்திருப்பதாகக் காவலாளி சொன்னார்.

ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் ஒருவர். நாற்பது வருடம் தட்டிய விரல்கள் இப்போது வளைந்து போய், வலது கையால் எதையுமே பிடிக்க முடியாது. ஒரு தையல்காரர். மருத்துவமனையில் துணி வெளுத்த அக்கா தங்கை இருவர். தனித்தனி வீட்டில் இருந்தார்கள், ஏனென்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து மணியடித்தவர் ஒருவர். அப்புறம் பேருந்து ஓட்டுநர், எழுபது வயது, முப்பத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்த அகலமான கைகள். எல்லாரும் வெளுத்துத் தேய்த்த உடையில் வந்திருந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா பவுடர் போட்டிருந்தார்.

வேலை சுலபம். ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரு நிமிடம். ஒருவருக்கு மேல் தோற்கக்கூடாது; ஆறில் ஐந்து பேர் திறந்தால் அந்த மூடி தேறியது. தேறாவிட்டால், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அடுத்த புதன்கிழமை மறுபடி ஒரு வாய்ப்பு. பதினொன்றரைக்கு முடிந்துவிடும். ஆனால் பன்னிரண்டரை வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எந்த டப்பாவை எந்த ஆயுதத்தால் திறந்தோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தையல்காரர் ஜாம் பாட்டிலைத் தரையில் உருட்டி, ஏறி நின்று பார்த்த கதைக்கு டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. மணியடித்தவர், ஒரு வாரம் ஊறுகாய் பாட்டிலை ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதாகச் சொன்னார். கதவிடுக்குக் கதையை மூடிக்காரரும் சொன்னார். அதுவரை அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து, அவர் செவ்வாய்க்கிழமை மாலையே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

ஓட்டுநர்தான் எல்லாவற்றிலும் தோற்றார். சிரமப்பட்டுத் திருகுவார், நெற்றி நரம்பு புடைக்கும், கடைசியில் தலையை ஆட்டிப் பாட்டிலை மேசையில் வைத்துவிடுவார். டைப்பிஸ்ட் அம்மாவும் நிச்சயமாகத் தோற்பவர். ஆகவே இரண்டு பேர் தோற்று, நல்ல மூடிகள்கூட அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயின.

ஐந்தாவது வாரம் தைலக்காரம்மாவின் புது மூடி வந்தது. ரப்பர் இல்லை, ஒரே பிளாஸ்டிக்தான். ஆனால் இரண்டு பக்கமும் சின்ன இறக்கைகள். விரலால் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் போதும். கடன் வாங்கி அச்சு செய்திருந்தார். தையல்காரர் பத்து விநாடியில் திறந்தார். அக்கா தங்கை திறந்தார்கள். மணியடித்தவர் திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து காட்டினார். டைப்பிஸ்ட் அம்மாவால் முடியவில்லை. ஓட்டுநர் நிமிடம் முழுவதும் போராடிவிட்டு, முடியவில்லை சார் என்றார்.

மூடி தேறவில்லை என்று மூடிக்காரர் எழுதினார். எழுதும்போது கை வலித்தது.

தேநீர் நேரத்தில் டைப்பிஸ்ட் அம்மா தன் பிளாஸ்க்கைத் திறக்கத் திணறிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஓட்டுநர், பேச்சுவாக்கில் அதை வாங்கி, அரைத் திருகில் திறந்து, மூடியிலேயே ஊற்றிக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் நிமிர்ந்தார். மூடிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் போனார்கள். பிறகு படிக்கட்டில் இறங்கும்போது மூடிக்காரர் கேட்டார்.

"எத்தனை வாரமா இப்படி, அண்ணே?"

ஓட்டுநர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதல் வாரம் நிஜமாவே வரல சார். ஒரு மூடி. அதுக்காகத் திரும்ப வரச் சொன்னீங்க. அப்புறம்தான் புரிஞ்சுது, திறந்துட்டா முடிஞ்சுடும்னு."

"அந்தம்மா கடன் வாங்கிச் செஞ்ச மூடி அது."

"அது எனக்குத் தெரியாது சார்." கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "எனக்கு என்னத்தை எழுதணுமோ எழுதிக்குங்க."

அன்று மதியம் மூடிக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநரின் கணக்கை அடித்துவிட்டால் ஐந்தில் நால்வர் திறந்ததாகும். இறக்கை மூடி தேறிவிடும். தள்ளிப்போட்ட மற்ற மூடிகளும் தேறிவிடும். முடிவு தெளிவாகிவிடும். தெளிவானால் புதன்கிழமையும் போய்விடும். அடிக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எட்டு வாரம் முழுசாக ஓடும், ஒன்பதாவதும் கேட்டு வாங்கலாம். ஓட்டுநரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்க அவருக்கு மனம் வரவில்லை. இந்த ஐந்து வாரமாகத் தானும், பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது என்று ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லையே என்பது உறைத்தது.

பிறகு அந்த வரிசையை முதல் வாரத்திலிருந்து நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் காரணத்தை எழுதவேண்டும். 'சோதனைக்குப் பொருந்தாத கைபலம்' என்று எழுதினார்.

ஆறாவது புதன்கிழமை ஓட்டுநர் வரவில்லை. மறுசோதனைக்கு ஒன்றும் இல்லாததால் பதினொன்றுக்குள் எல்லாம் முடிந்தது. இதுதான் கடைசி என்று மூடிக்காரர் சொன்னபோது, அப்படியா என்று டைப்பிஸ்ட் அம்மா மட்டும் கேட்டார். தையல்காரர் மேசைமேல் கிடந்த மூடிகளை நிறம்வாரியாக அடுக்கிவைத்தார். யாரும் அவரை அடுக்கச் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படி இறங்கினார்கள். அக்காவும் தங்கையும் வாசலில் ஆளுக்கொரு திசையில் போனதை மூடிக்காரர் ஜன்னலில் இருந்து பார்த்தார்.

அந்த மாதக் கடைசியில் விதி வந்தது. இறக்கை மூடிக்குப் பச்சை முத்திரை. தைலக்காரம்மா ஃபோன் செய்து, போன மூன்று பேரில் இரண்டு பேரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். மூடிக்காரரின் கையை அடுத்த மேசைக்காரர் எல்லாருக்கும் முன்னால் பிடித்துக் குலுக்கினார். கட்டைவிரலில் சுரீர் என்றது.

ஓட்டுநர் விலகியதாக ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. தபாலில் அனுப்பலாம். மூடிக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஒரு மாலை நேரில் போனார்.

ஊரின் மறுகோடியில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவைத் திறந்த ஓட்டுநர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருந்த ஒரே நாற்காலியின் மேலிருந்த துணிகளை எடுத்துவிட்டு அவரை உட்காரச் சொல்லி, தான் கட்டிலில் உட்கார்ந்தார். படிவத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, காரணம் எழுதியிருந்த வரியை வாய்க்குள் படித்தார்.

"கைபலம்," என்றார். "மரியாதையா எழுதியிருக்கீங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணிமனையில் வண்டிகள் வந்து நுழையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓட்டுநர் எந்தத் தடம், எத்தனை நிமிடத் தாமதம் என்று சொன்னார். மூடிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. விளக்குப் போட இருவருக்கும் தோன்றவில்லை.

"புதன்கிழமை என்ன பண்றீங்க சார்?"

"ஆபீஸ்தான். நீங்க?"

"பழக்கதோஷம். குளிச்சு, தலைவாரி உக்காந்துடறேன். அப்புறம்தான் ஞாபகம் வருது."

மறுபடி எப்போதாவது வருவதாகச் சொல்லலாமா என்று மூடிக்காரர் யோசித்தார். மூன்று மாதத்தில் வருகிறேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். ஓட்டுநர் செருப்பை மாட்டிக்கொண்டு நிறுத்தம்வரை கூட வந்தார். வண்டி வந்ததும், இரண்டாவது வரிசையில் இடது பக்கம் உட்காரச் சொன்னார். பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் இந்தச் சாலையில் தூக்கித் தூக்கிப் போடுமாம், வலிக்கிற கைக்கு அது ஆகாதாம்.

அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. மூடிக்காரர் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஓட்டுநர் அவரைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். காற்று கொஞ்சம் குறைவு என்று உள்ளே இருந்த இளைய ஓட்டுநரிடம் கைகாட்டிச் சொல்ல முயன்றார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.